வாய்ச்சொல் தமிழில், ஒப்பந்தம் ஆங்கிலத்தில்: ஒரு பராமரிப்புப் பயிற்சிப் புகாரின் நிகழ்வு ஆய்வு

இந்தப் புகாரில் சம்பந்தப்பட்ட மாணவர்கள் நான்கு பேர். நால்வரும் தமிழர்கள். சிங்கப்பூரில் உள்ள ஒரு தனியார் பயிற்சிக் கல்லூரியில் சுகாதாரப் பராமரிப்பு டிப்ளோமா படித்தவர்கள். கல்லூரியின் பெயரையோ மாணவர்களின் பெயரையோ இங்கே நான் எழுதப் போவதில்லை.

2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு சனிக்கிழமை, ஈசூனில் என் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக் கல்மேசையில் அவர்கள் கோப்புகளை விரித்து வைத்தார்கள். படிப்பு சரியில்லை என்ற புகார்தான் இது என்று அன்றைக்கு நினைத்தேன். அந்தத் தாள்களோடு மூன்று வாரம் உட்கார்ந்த பிறகு என் எண்ணம் மாறியது. வகுப்பில் குறை இருந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் மனம் உடைந்ததற்குக் காரணம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே, சேர்க்கை மேசையிலேயே இருந்தது. வாக்குறுதி தமிழில் வாயால் தரப்பட்டது. கையெழுத்து ஆங்கிலத் தாளில் வாங்கப்பட்டது. இரண்டும் ஒன்றையே சொல்லவில்லை.

நான் வழக்கறிஞர் இல்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தாதியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்த்தவள். அந்தப் பக்கத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

சேர்ந்தவர்கள்

முதலாமவர் நாற்பத்தாறு வயது அக்கா. பேரங்காடியில் பல வருடம் வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்த அம்மாவைக் கடைசி மூன்று வருடம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர். "எங்கம்மாவுக்குச் செஞ்சத முறையா கத்துக்கிட்டு வேலையாவே செய்யலாமேன்னு தோணுச்சு, மிஸ்ஸி" என்றார். (இங்கே தாதியரை மிஸ்ஸி என்று கூப்பிடுவது பழைய வழக்கம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் என்னை விடவில்லை.) இரண்டாமவர் ஐம்பது தாண்டிய ஒரு அண்ணன், பாதுகாவலர் வேலையில் இருந்தவர். மூன்றாவது, இரண்டு பிள்ளைகளின் தாய். நான்காவது, மன்னார்குடிப் பக்கத்திலிருந்து மாணவர் அனுமதி அட்டையில் வந்த இருபத்திரண்டு வயதுப் பெண். முதல் மூவரும் வார இறுதி வகுப்பு, அந்தப் பெண் முழுநேர வகுப்பு.

அக்காவுக்குச் சொல்லப்பட்ட கட்டணம் 5,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு 2024 மே மாதம் வந்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையிலிருந்து (திறன் வளர்க்கும் படிப்புகளுக்கு அரசு தரும் உதவி) பெரும்பகுதியைக் கழித்துக்கொள்ளலாம் என்று சேர்க்கை ஆலோசகர் சொல்லியிருந்தார். அந்தத் தொகையைத் தேர்ந்தெடுக்கப்பட்ட படிப்புகளுக்கு மட்டும்தான் பயன்படுத்த முடியும். இந்த டிப்ளோமா அந்தப் பட்டியலில் இல்லை. அக்காவுக்கு இது தெரிந்தது முதல் தவணையைக் கட்டிய பிறகு. அப்போதும் அவர் விலகவில்லை. "சேர்ந்தாச்சு, இனி நடுவுல விட்டா நல்லாருக்காது" என்று நினைத்திருக்கிறார். என்னிடம் வந்தபோது 3,900 வெள்ளி கட்டி முடித்திருந்தார்.

"நர்ஸ்" என்ற ஒரு சொல்

அக்காவின் கைப்பேசியில் ஆலோசகர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்தி அப்படியே இருந்தது. நல்ல தமிழ், கனிவான குரல்: "இத முடிச்சீங்கன்னா நர்ஸ் வேலைக்குப் போலாம்க்கா. எல்லா ஆஸ்பத்திரியிலயும் ஆள் பத்தல. வயசெல்லாம் பாக்க மாட்டாங்க."

ஆள் பற்றாக்குறை என்பது பொய்யில்லை. 2030க்குள் சிங்கப்பூர்க் குடிமக்களில் நான்கில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவராக இருப்பார். தாதிமை இல்லங்களும் (முதியவர்களையும் நோயாளிகளையும் தங்க வைத்துப் பராமரிக்கும் இடங்கள்) மருத்துவமனைகளும் ஆள் தேடிக்கொண்டே இருக்கின்றன. பொய் இருந்தது "நர்ஸ்" என்ற சொல்லில்.

இங்கே சிங்கப்பூர் நர்சிங் போர்டின் பதிவேட்டில் பெயர் இருந்து, நடப்பில் உள்ள பணிச் சான்றிதழும் கையில் இருந்தால்தான் ஒருவர் தாதியாகப் பணிபுரிய முடியும். பதிவு பெற்ற தாதி, அதற்கு அடுத்த நிலையில் என்ரோல்டு நர்ஸ் என்று இரண்டு படிகள். முதல் படிக்கு நன்யாங் பாலிடெக்னிக், நீ ஆன் பாலிடெக்னிக் போன்ற இடங்களின் தாதிமை டிப்ளோமாவோ பல்கலைக்கழகப் பட்டமோ வேண்டும். இரண்டாவது படிக்கான வழக்கமான வழி ஐடிஇ என்ற அரசுத் தொழிற்கல்விக் கழகம். அந்தப் போர்டு அங்கீகரித்த படிப்புகளின் பட்டியலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நால்வரும் படித்த டிப்ளோமா அதில் கிடையாது. பாடத்தின் பெயரிலும் "தாதிமை" என்ற சொல் இல்லை, "சுகாதாரப் பராமரிப்பு" என்றுதான் இருந்தது. அச்சடித்த தாளில் கல்லூரி கவனமாக இருந்திருக்கிறது. பேச்சில் அந்தக் கவனம் இல்லை.

அந்த டிப்ளோமாவோடு போகக்கூடிய வேலை பராமரிப்பு உதவியாளர் வேலை. நோயாளியைக் குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, நாற்காலிக்கு மாற்றுவது. அது கண்ணியமான வேலை. நான் வார்டில் இருந்த காலமெல்லாம் அவர்கள் தோளில்தான் நாங்கள் நின்றோம். ஆனால் பல தாதிமை இல்லங்கள் முன் அனுபவமே இல்லாதவர்களையும் அந்த வேலைக்கு எடுத்து, சம்பளம் கொடுத்துப் பழக்கிக்கொள்கின்றன. அதாவது, டிப்ளோமா இல்லாமலே கிடைக்கக்கூடிய வேலைக்காக அக்கா 5,200 வெள்ளிக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். கல்மேசையில் இதை நான் விளக்கியபோது நால்வரும் வெகுநேரம் பேசவில்லை. அந்த அண்ணன் மட்டும், "அப்போ நாங்க படிச்சது?" என்று கேட்டார்.

வகுப்பறை

வார இறுதி வகுப்பில் இருபத்தாறு பேர். செய்முறைப் பயிற்சிக்கு ஒரு கட்டில், ஒரு பொம்மை. ஒரு பயிற்சி வேளை மூன்று மணி நேரம். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஏழு நிமிடம்கூட முழுதாக வரவில்லை.

இது ஏன் பெரிய விஷயம் என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். பக்கவாதம் வந்தவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலியை அவருடைய பலமான பக்கத்தில் போட வேண்டும். இரண்டு பிரேக்கையும் பூட்ட வேண்டும், கால் வைக்கும் தகட்டை மடக்க வேண்டும். நம் முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும். புத்தகத்தில் இது நாலு வரி. கை பழக இருபது முப்பது தடவையாவது செய்ய வேண்டும். ஒரு தடவை பிரேக் பூட்ட மறந்தால் ஒரு பாட்டியின் இடுப்பெலும்பு போய்விடும். மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுப்பதும் அப்படித்தான். தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்த்தி, குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று பிஎச் தாளில் (அமிலத்தன்மையைக் காட்டும் தாள்) சோதித்த பிறகுதான் பாலை விட வேண்டும். நால்வரில் மூவர் அந்தத் தாளைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

பாடம் நடத்தியவர் ஓய்வு பெற்ற தாதி. அவரைப் பற்றி நால்வரும் ஒரு குறையும் சொல்லவில்லை. கூடுதல் நேரம் நின்று சொல்லிக் கொடுத்திருக்கிறார், இன்னொரு கட்டில் வேண்டும் என்று நிர்வாகத்திடம் அவரே கேட்டிருக்கிறார். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. புகாரின் முதல் வரைவில் கோபம் முழுக்க "டீச்சர் சரியில்லை" என்று அவர் மேல்தான் இறங்கியிருந்தது. வகுப்பில் கண்ணுக்குத் தெரிகிறவர் ஆசிரியர்தானே. கட்டில் வாங்காதவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அப்புறம், அட்டாச்மென்ட். உண்மையான இல்லத்திலோ மருத்துவமனையிலோ போய்ப் பயிற்சி பெறுவது. இதைப் பற்றி மூன்று தாள்கள் மூன்று விதமாகப் பேசின. விளம்பரத் தாளில் 80 மணி நேரம். ஒப்பந்தத்தின் ஷெட்யூல் ஏ பகுதியில் பாடத்தின் பெயர் மட்டும் இருந்தது, மணிக்கணக்கு இல்லை. மாணவர் கையேட்டில் "இடம் கிடைப்பதைப் பொறுத்து" என்ற ஒரு வரி. ஒன்பது மாதம் கழிந்த பிறகும் நால்வரில் ஒருவருக்குக்கூட இடம் கிடைக்கவில்லை. இடம் கிடைப்பது கடினம்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஐடிஇ, பாலிடெக்னிக் மாணவர்களே வார்டுகளை நிறைத்துவிடுவார்கள், மேற்பார்வைக்கு ஆளும் வேண்டும். ஆனால் இடம் கையில் இல்லாதபோது 80 மணி நேரம் என்று அச்சடித்திருக்கக் கூடாது.

அந்தச் சின்னப் பெண்ணின் நிலை

நால்வரில் அதிகம் இழந்தவள் அவள்தான். அதிகம் பயந்தவளும் அவள்தான்.

ஊரில் இருந்த ஏஜென்ட், படிப்பு முடிந்ததும் இங்கேயே எஸ் பாஸ் என்ற வேலை அனுமதி கிடைத்துவிடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்பா நிலத்தை அடமானம் வைத்திருக்கிறார். வந்த பிறகுதான், தனியார் கல்லூரியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் பகுதிநேர வேலைகூடப் பார்க்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. மாணவர் அனுமதி அட்டை அந்தக் கல்லூரியோடு கட்டப்பட்டது. படிப்பிலிருந்து விலகினால் அட்டை ரத்தாகும், ஊர் திரும்ப வேண்டும். புகார் கொடுத்தால் தன்னை அனுப்பிவிடுவார்கள் என்று நம்பியதால், முதல் இரண்டு சந்திப்புகளில் அவள் வாயே திறக்கவில்லை.

கல்லூரியின் சுவரில் எட்யூடிரஸ்ட் சான்றிதழ் மாட்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் அவளுடைய அப்பா நம்பினாராம். 2009ஆம் ஆண்டு தனியார் கல்விச் சட்டத்தோடு வந்த ஏற்பாடு அது. மாணவர் அனுமதி அட்டையில் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க ஒரு கல்லூரிக்கு அது வேண்டும். நிர்வாகத்துக்கும் மாணவர் பாதுகாப்புக்கும் சில அளவுகோல்களை அது வைக்கிறது. முடித்தவருக்கு வேலை கிடைக்கும் என்றோ, தாதிமைப் பதிவேட்டில் இடம் உண்டு என்றோ அது எங்கேயும் சொல்வதில்லை.

இன்னொரு தவறான நம்பிக்கை கட்டணப் பாதுகாப்புத் திட்டத்தைப் பற்றியது. "காப்புறுதி இருக்குல்ல, காசு திரும்ப வந்துரும்" என்று அந்த அண்ணன் உறுதியாக இருந்தார். கல்லூரி நொடித்துப் போனாலோ, தீர்ப்பான தொகையைக் கொடுக்காமல் விட்டாலோதான் அந்தப் பாதுகாப்பு வேலை செய்யும். பாடம் மோசம் என்பதற்கு அது பணம் தராது.

ஏழு வேலை நாள்

கல்லூரி கொடுத்திருந்தது தனியார் கல்வி நிலையங்களுக்கான பொது மாணவர் ஒப்பந்தம். உண்மையில் அது மாணவருக்கு நல்ல தாள். தொடங்கும் தேதி, முடியும் தேதி, எந்தச் சான்றிதழ், அதை வழங்குவது யார், பாடங்கள் என்னென்ன, எல்லாம் ஷெட்யூல் ஏ பகுதியில். கட்டணங்கள் பி, சி பகுதிகளில். விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது டி பகுதியில். கையெழுத்துப் போட்ட பிறகு ஏழு வேலை நாள் யோசிக்கும் காலமும் உண்டு. அதற்குள் எழுத்தில் விலகல் கொடுத்தால், வகுப்பு தொடங்கியிருந்தாலும்கூட, டி பகுதியில் உள்ள உச்ச விகிதப்படி பணம் திரும்பும்.

அக்கா கையெழுத்துப் போட்ட நாளில் இந்த ஏழு நாளைப் பற்றி யாரும் தமிழில் வாய் திறக்கவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டி, பென்சிலில் குறி வைத்த இடங்களைக் காட்டி, "இங்க ஒரு சைன், இங்க ஒரு சைன்க்கா" என்று வாங்கியிருக்கிறார்கள். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதில்லை. கடையில் பேசும் ஆங்கிலம் நன்றாகவே வரும். ஒப்பந்தத்தின் ஆங்கிலம் வேறு. அரை மணி நேரம் நிறுத்தி வாசித்தால் எதிரில் இருப்பவரைச் சந்தேகப்படுவது போல ஆகிவிடுமோ என்ற கூச்சமும் இருந்திருக்கிறது. "நம்ம தமிழ்ப் பிள்ளைதானே" என்றார். எனக்கு இந்த வழக்கில் மிகவும் வலித்த சொல் அதுதான். மொழி ஒன்றாக இருந்ததால் வந்த நம்பிக்கை அது. கல்லூரி தமிழ் பேசும் ஆலோசகரை அந்த மேசையில் உட்கார வைத்ததும் அந்த நம்பிக்கைக்காகத்தான்.

இதே மாதிரியான புகார்கள் வேறு நாடுகளிலும் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் கொரிந்தியன் காலேஜஸ் என்ற நிறுவனம் மருத்துவ உதவியாளர் படிப்பு உட்படத் தொழிற்பயிற்சிகள் பலவற்றை நடத்தியது. அதன் ஹீல்ட் கல்லூரி வேலைவாய்ப்பு விகிதங்களைத் தவறாகக் காட்டியது என்று 2015 ஏப்ரலில் அந்நாட்டுக் கல்வித் துறை சுமார் 3 கோடி டாலர் அபராதம் விதித்தது. அதே மாதம் நிறுவனம் மூடப்பட்டது. அங்கே படித்த சுமார் 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடன் 2022இல்தான் ரத்து செய்யப்பட்டது. அங்கே பொய் எண்ணாக எழுதப்பட்டிருந்ததால் விசாரிக்க முடிந்தது. இங்கே வாக்குறுதி காற்றோடு போயிருக்கும். குரல் செய்தி ஒன்று மிஞ்சியது எங்கள் நல்ல காலம்.

புகார் நடந்த விதம்

முதல் வேலையாக நால்வரும் எழுதியிருந்த கடிதத்தை ஒதுக்கி வைத்தோம். ஒரு தாளின் நடுவில் கோடு போட்டோம். இடது பக்கம் தாளிலோ குரல் செய்தியிலோ சொன்னது. வலது பக்கம் கிடைத்தது, தேதியோடு. "ஏமாத்திட்டாங்க" என்ற சொல்லை எடுத்துவிட்டோம். அண்ணனுக்கு அதில் மனமே இல்லை. ஆனால் 80 மணி நேரம் என்ற வரிக்கு எதிரே பூஜ்யம் என்று எழுதியபோது, இதுவே போதும் என்று அவரே சொன்னார்.

தனியார் கல்வியைக் கவனிக்கும் குழு 2016 முதல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூரின் கீழ் இயங்குகிறது. அங்கே போவதற்கு முன் கல்லூரியின் சொந்தப் புகார் வழியில் போக வேண்டும். இந்தக் கல்லூரியின் கையேடு 21 வேலை நாளில் பதில் தருவதாகச் சொல்லியிருந்தது. பத்தொன்பதாவது நாள் கூப்பிட்டார்கள். நானும் துணைக்குப் போனேன்.

மேலாளர் சீனர், மரியாதையாகத்தான் பேசினார். நர்ஸ் வேலை என்று எங்கள் ஊழியர்கள் ஒருபோதும் சொல்வதில்லை என்றார். அக்கா கைப்பேசியை எடுத்து மேசை மேல் வைத்துக் குரல் செய்தியைப் போட்டார். மேலாளருக்குத் தமிழ் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆலோசகரைப் பார்த்து, என்ன சொல்கிறது என்று கேட்டார். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. நான் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் மன்னார்குடிப் பெண் பேசினாள். ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். வயது பார்க்க மாட்டார்கள் என்ற கடைசி வரி வரைக்கும். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு பேச்சின் போக்கே மாறியது. இரண்டு வாரத்தில் எழுத்தில் ஒரு முன்மொழிவு வந்தது. பத்துப் பேருக்கு மேற்படாத குழுவாகக் கூடுதல் செய்முறை வகுப்பு, ஒரு தாதிமை இல்லத்தில் அட்டாச்மென்ட், இரண்டுக்கும் கட்டணம் இல்லை. மூவர் ஒத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணின் அனுமதி அட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அக்கா மட்டும் பணத்தைக் கேட்டார். "நர்ஸ்னு சொன்னதாலதான் சேர்ந்தேன். அது இல்லன்னா எனக்கு வேணாம்" என்றார். டி பகுதியின்படி அவருக்கு ஒன்றும் திரும்பாது. சமரசத்துக்கு சிங்கப்பூர் மீடியேஷன் சென்டர் வழி ஒன்று உண்டு, சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கமும் உதவும். அவர் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தைத் தேர்ந்தெடுத்தார். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே வைக்கலாம், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. விஷயம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் வர முடியாது. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகை என்பதால் பதிவுக் கட்டணம் 10 வெள்ளிதான். குரல் செய்திக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வாங்கியதுதான் அதைவிடப் பெரிய செலவு.

விசாரணை வரை போகவில்லை. பதிவாளர் முன் நடந்த கலந்துரையாடலில் 1,800 வெள்ளி திருப்பித் தரக் கல்லூரி ஒத்துக்கொண்டது. முழுத் தொகைக்கும் போராடலாம் என்று நான் சொன்னேன். அக்காவுக்கு வேலைக்கு லீவு எடுத்து எடுத்து அலுத்துவிட்டது. வாங்கிக்கொண்டார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்னும் என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னும் சரியாகாதது

ஆலோசகர் வேலையை விட்டுப் போய்விட்டார். எனக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. ஆள் சேர்த்தால்தான் சம்பளத்தோடு கூட ஏதாவது கிடைக்கும் என்ற நிலையில் உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளை அது. அந்த நாற்காலியில் இப்போது வேறொரு தமிழ்ப் பிள்ளை உட்கார்ந்திருக்கும். சேர்க்கை மேசையில் எந்த மொழியில் வாக்குக் கொடுக்கிறார்களோ அந்த மொழியிலேயே ஒப்பந்தத்தின் ஏ பகுதியையும் டி பகுதியையும், ஏழு நாள் விஷயத்தையும் வாசித்துக் காட்ட வேண்டும் என்று கல்லூரிக்கு எழுதிய கடிதத்தில் கேட்டிருந்தேன். வந்த பதிலில் மற்ற எல்லாவற்றுக்கும் விடை இருந்தது. இதற்கு மட்டும் இல்லை.

அந்த அண்ணன் அட்டாச்மென்ட் முடித்துவிட்டு மறுபடி பாதுகாவலர் வேலைக்கே போய்விட்டார், முதுகு தாங்கவில்லை என்றார். இரண்டு பிள்ளைகளின் தாய்க்குப் பயிற்சிக்குப் போன இல்லத்திலேயே வேலை கிடைத்தது. அக்கா வேறொரு தாதிமை இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராகச் சேர்ந்தார். நேர்முகத்தில் அவரிடம் சான்றிதழ் எதுவும் கேட்கவில்லையாம். அம்மாவை எப்படிப் பார்த்துக்கொண்டார் என்றுதான் கேட்டார்களாம்.

மன்னார்குடிப் பெண் படிப்பை முடித்து ஊருக்குப் போனாள். நில அடமானம் இன்னும் தீரவில்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே மூன்று வருட ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளோமா படிப்பில் சேர்ந்திருக்கிறாள். சேரும் முன், அந்தப் பள்ளியின் பெயர் நர்சிங் கவுன்சில் பட்டியலில் இருக்கும் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். "ஆன்ட்டி, இதுதானே பாக்கணும்?" என்று கேட்டிருந்தாள். பார்த்தேன், பெயர் இருந்தது.